மாத்திரை விழுங்கும் வைபவம்

பாஸ்கல் குடியை விட்டது கம்பெனிக்குத் தெரிந்துபோனதில்தான் எல்லாத் தொல்லையும் ஆரம்பித்தது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவனை யாரும் பெரிதாகச் சீண்டியதில்லை. மண்ணூர்பேட்டையில் பூரணி வால்வு கம்பெனியில் டர்னர் வேலை. சம்பளத்துக்கு மறுநாள் வரமாட்டான். அதற்கு மறுநாள் வந்தால் மெமோ கொடுப்பார்கள். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேத்தை ஓட்டப் போய்விடுவான். கம்பெனியில் பாதிப் பேருக்கு இதே வழக்கம் என்பதால் மெமோ அடிக்கிற ராணியம்மா தேதியை மட்டும் மாற்றித் தட்டுவாள்.

எண்பத்தெட்டாம் வருஷத்து மழையில் அண்ணனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவன் விழுந்து கிடந்தான். மின்சார ரயில் அவன் தலைமாட்டில் போனது. அன்றைக்கு அவன் மனைவி ஞானகுமாரி அழவில்லை, திட்டவில்லை. ஆட்டோவில் போட்டுப் பட்டணத்துக்குள் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒரு மாதம் உள்ளே வைத்திருந்து, வெளியே அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். இது குடியை மறக்கடிக்கிற மருந்து இல்லை, இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டும், உயிரே போனாலும் போகும், அந்தப் பயம்தான் உனக்கு வேலி என்றாள். உனக்கு இஷ்டமா என்றும் கேட்டாள். பாஸ்கல் யோசித்துவிட்டு இஷ்டம்தான் என்றான். தினம் காலையில் ஒன்று, மனைவி கையால். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வேறு எந்த மருந்தானாலும், இருமல் டானிக்கானாலும், கேட்காமல் தொடக் கூடாது. உடம்பு ஏதாவது செய்தால் உடனே வர வேண்டும். அவள் சொன்னது அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் பூரணி வால்வு கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் உத்தமன் 'மதுவிலக்கு நலத்திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். திட்டத்துக்குத் தலைவர் இருந்தார், துணைத்தலைவர்கள் இருந்தார்கள், பட்டுத்துணியில் எழுதிய பேனர் இருந்தது, தொடக்க விழாவில் லட்டு கொடுத்தார்கள். ஒரு குறைதான். குடிகாரன் ஒருவனும் சேரவில்லை. யார் யார் குடிக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் கேட்டால் எல்லோரும் பக்கத்து மெஷின்காரனைக் கைகாட்டினார்கள். ஆறேழு மாதமாகக் குழு மாதாமாதம் கூடி, டீ குடித்து, போதிய குடிகாரர்கள் இல்லை என்று வருத்தம் தெரிவித்துக் கலைந்தது.

ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு பாஸ்கல் வேலைக்குத் திரும்பிய அன்று உத்தமன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் எங்கேயப்பா இருந்தாய் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பிடி.

இனிமேல் மாத்திரையைக் கம்பெனியில்தான் விழுங்க வேண்டும் என்றார். வீட்டிலேயே விழுங்கிவிட்டு வருகிறேன் என்று பாஸ்கல் சொல்லிப் பார்த்தான். வீட்டில் விழுங்குவது வீட்டோடு போய்விடும், அதில் நிர்வாகத்துக்கு என்ன பெயர் என்று உத்தமன் கேட்டார். மறுத்தால் திட்டத்தில் சேரவில்லை என்று ஆகும், சேராதவனை வேலையில் திரும்ப எடுக்க விதியில்லை. பெர்சனல் மேனேஜர் மணவாளன் அதைத் தனியாக அழைத்தும் சொன்னார். ஞானகுமாரி டாக்டரம்மாவைப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நாளுக்கு ஒன்றுதான் என்றால் எங்கே விழுங்கினாலும் சரி என்று டாக்டரம்மா சொன்னதால், வீட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, தினம் ஒன்றைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவன் பையில் வைத்தாள்.

காலை ஷிப்ட் சங்கு ஊதியதும் டைம் ஆபீஸ் வாசலில் எல்லோரும் நிற்பார்கள். கடவுள் வாழ்த்து பாடுவார்கள். பிறகு டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஜம்புலிங்கம் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் டம்ளரோடு வருவார். பாஸ்கல் பொட்டலத்தைப் பிரித்து மாத்திரையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். ஜம்புலிங்கம் டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ள போயிட்ச்சி சார்" என்று குரல் கொடுப்பார். உத்தமன் கையைத் தட்ட, எல்லோரும் தட்டுவார்கள். அதற்கப்புறம் உத்தமனின் உரை.

"நண்பர்களே, பாஸ்கல் விழுங்கியது மாத்திரை அல்ல, இந்த நிர்வாகத்தின் கருணை. குடிப்பவர்களைக் கேவலமாகப் பேசாதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் யாரைத் திருத்துவது?"

பாஸ்கல் வாயைத் திறந்தபடி நிற்பான். மூடலாம் என்று யாரும் சொல்லாததால் உரை முடிகிறவரை அப்படியே நிற்பது வழக்கமாகிவிட்டது.

சில வாரம் இப்படிப் போனது. பிறகு இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் மனு கொடுத்தார்கள். காலை ஷிப்டுக்கு மட்டும் காட்டுவது பாரபட்சம், நாங்களும் இந்தக் கம்பெனித் தொழிலாளிகள்தானே என்று கேட்டார்கள். அவர்களுக்கு நிஜமாகவே பார்க்க ஆசையா, கைதட்டுகிற நேரம் மெஷின் நிற்கும் என்பதாலா, தெரியாது. குழு கூடியது. கோரிக்கை நியாயமானது என்று முடிவானது. ஷிப்ட் மாறுகிற மதிய நேரத்தில் பாஸ்கல் இரண்டாவது முறை விழுங்க வேண்டும். அதற்கான மாத்திரையைக் கம்பெனியே வாங்கி டிஸ்பென்சரியில் வைத்துக்கொள்ளும்.

நாளுக்கு ஒன்றுதான் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதைப் பாஸ்கல் சொன்னான். உத்தமன் சிரித்தார். ஒரே மாத்திரையில் இவ்வளவு நல்லவனாகிவிட்டாயே, இரண்டு போட்டால் எவ்வளவு நல்லவனாவாய் என்றார். பாஸ்கல் ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். ஜம்புலிங்கம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்த வேலை டார்ச் அடிப்பது.

இரண்டு மாத்திரை விழுங்கத் தொடங்கிய பிறகு பாஸ்கலுக்கு வாயில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி ஒட்டிக்கொண்டது. கண் செருகியது. ஒருநாள் லேத்தில் பித்தளைத் துண்டை மாட்டி இறுக்கிவிட்டு, இறுக்கின சாவியை அந்தச் சுழல்கிற சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டான். சாவி பறந்துபோய் அவன் காதோரம் தாண்டிச் சுவரில் காரை பெயர அடித்தது. அன்று மாலையே ஞானகுமாரி அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா முதலில் அவனைத் திட்டினாள். பிறகு கம்பெனிக்கு டெலிபோன் போட்டாள். மறுமுனையில் உத்தமன் மதுவின் தீமைகளைப் பற்றி அவளுக்கு நெடுநேரம் விளக்கினார். நடுவில் அவள் 'ஒன்று' என்ற சொல்லைப் பல தடவை சொன்னது மட்டும் பாஸ்கலுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு, "பாஸ்கல், உன் வாய் உன்னோடது. எவ்வளவு பெரிய ஆள் கொடுத்தாலும் ரெண்டாவது வேண்டாம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி வேலையை இழக்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தான். காலை மாத்திரையை ஒழுங்காக விழுங்குவான். மதிய மாத்திரையைக் கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வான். விதியில் நாக்கைத் தூக்கச் சொல்லியிருந்ததே தவிரக் கன்னத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஜம்புலிங்கமும் விதியைத் தாண்டி டார்ச் அடிக்கிறவர் இல்லை. கைதட்டல் முடிந்ததும் பாஸ்கல் லேத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவான். வாய் ருசி சரியானது. தூக்கம் தெளிந்தது. இந்த உலகத்தில் டாக்டர் சொன்னபடி நடக்கக்கூட இவ்வளவு திருட்டுத்தனம் வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து சேர்மன் வந்தார்.

நலத்திட்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று உத்தமன் பரபரத்தார். வாசலில் பந்தல் போட்டு, தரைக்குச் சிவப்பு விரிப்பு விரித்து, போட்டோக்காரரை வரவழைத்திருந்தார்கள். பாஸ்கலுக்குப் புது யூனிபார்ம், கழுத்தில் பெரிய பூமாலை. முதல் மாத்திரையை அவன் மனப்பூர்வமாக விழுங்கினான். அது அன்றைய கணக்கு. ஆனால் பூமாலை முகத்தை மறைத்துவிட்டது என்று போட்டோக்காரர் சொன்னதால் இன்னொன்று கொடுத்தார்கள். அது வலது கன்னத்துக்குப் போனது. இந்தத் தடவை ஃப்ளாஷ் வேலை செய்யவில்லை. அடுத்தது இடது கன்னத்துக்கு. அந்தப் படத்தில் சேர்மன் கண்ணைச் சிமிட்டிவிட்டார். கடைசி மாத்திரைக்கு எங்கே இடம் என்று தெரியாமல் பாஸ்கல் மேலுதட்டுக்கடியில் செருகினான். போட்டோ பிரமாதமாக வந்தது. உண்மையான ஆனந்தம் முகத்தில் பொங்குகிறது என்று சேர்மன் பாராட்டினார்.

"தம்பி, நிர்வாகத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசு" என்று மைக்கை நீட்டினார்கள்.

பாஸ்கல் கும்பிட்டான். மைக்கை இன்னும் நெருக்கினார்கள். சேர்மன் தோளைத் தட்டினார். தட்டிய தட்டில் வாய் திறந்து, மாத்திரைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு விரிப்பில் விழுந்து உருண்டன. ஒன்று சேர்மனுடைய ஷூவின் மேல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் வந்தது. மாத்திரையை விழுங்காமல் ஒதுக்கி நிர்வாகத்தை ஏமாற்றியது, இரகசியமாகக் குடித்துவருகிறான் என்ற வலுவான சந்தேகத்துக்கு இடம்கொடுத்தது என்று இரண்டு குற்றம். என்கொயரியில் பாஸ்கல் நடந்ததை நடந்தபடி சொன்னான். தினம் காலையில் ஒன்று விழுங்குகிறேன், மிச்சத்தைத்தான் துப்பினேன் என்றான். மணவாளன் யோசித்தார். விழுங்கினாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். தினமும் டார்ச் அடித்துப் பார்த்தீர்களே என்றான் பாஸ்கல். டார்ச் நம்பத்தகுந்தது அல்ல என்பது இப்போது நிரூபணமாகிவிட்டதே என்றார் மணவாளன்.

உத்தமனுக்குத்தான் வழி தோன்றியது. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ஆள் விழுந்துவிடுவான் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பாஸ்கல் குழுவின் முன்னிலையில் பிராந்தி குடிக்கட்டும். விழுந்தால் அவன் சொன்னது உண்மை, வேலை நிலைக்கும். விழாமல் நின்றால் ஏமாற்றுக்காரன், வேலை போகும். ரொம்பவும் விஞ்ஞானபூர்வமாக இருக்கிறது என்று குழு பாராட்டியது. மதுவிலக்கு நலத்திட்டத்தின் பேரில் ஒரு பாட்டில் பிராந்தி வாங்க அனுமதியானது. மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கினால்தான் ஆச்சு என்று பர்ச்சேஸில் முரண்டு பிடித்ததால் ஒரு வாரம் தாமதமானது.

அந்த ஒரு வாரம் பாஸ்கல் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. சாவுக்குப் பயந்ததைவிட அவன் வேறொன்றுக்குப் பயந்தான். ஒருநாள் திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது அதை ஞானகுமாரியிடம் சொல்லிவிட்டான்.

"ஆர்டர் போட்டுக் குடிக்கச் சொல்றாங்கன்னதும் உள்ள ஒருத்தன் சந்தோஷப்பட்டுகினு கீறான் குமாரி. அவன் இன்னும் சாவல."

அவள் நின்றாள். பிறகு அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். மறுநாள் அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சோதனை நாளன்று பாட்டில் வந்து சேர்ந்தது. ஆனால் நேரே பாஸ்கலிடம் போகவில்லை. கம்பெனிக்குள் வருகிற எந்தச் சரக்கையும் இன்ஸ்பெக்‌ஷன் முடியாமல் உபயோகிக்கக் கூடாது என்பது பழைய விதி. பித்தளைக்கும் ரப்பருக்கும் எழுதிய விதிதான், ஆனால் இதுவும் சரக்குதானே என்று மணவாளன் சொன்னார். கலப்படமாக இருந்து சோதனை தப்பாகிவிட்டால் ஒரு தொழிலாளிக்கு அநீதி இழைத்ததாகும். ஆகவே கான்ஃபரன்ஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குழு உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார்கள். கருத்து வேறுபாடு வந்தது. காரம் போதாது என்றார் ஒருவர். மறுசோதனை நடந்தது. உத்தமன் டம்ளரைச் சுழற்றி, முகர்ந்து, ஒரே மடக்கில் இறக்கி, கண்ணை மூடி இருந்துவிட்டு, இன்னும் தெளிவாகச் சொல்வதற்கில்லை என்றார். ஜம்புலிங்கம் அவருக்கு மறுபடி ஊற்றினார்.

வெளியே பெஞ்சில் பாஸ்கல் உட்கார்ந்திருந்தான். கதவிடுக்கில் வாசனை வந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. அவன் உள்ளங்கைகளை முழங்காலில் அழுத்திக்கொண்டான்.

கேட்டில் ஞானகுமாரியை வாட்ச்மேன் தடுத்தான். குடும்பத்தார் உள்ளே வர அனுமதியில்லை என்றான். பாஸ்கலுக்கு மாத்திரை கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். மாத்திரை என்றதும் கேட் திறந்தது.

பாஸ்கலும் அவளும் ஒன்றாகத்தான் கான்ஃபரன்ஸ் ரூமுக்குள் போனார்கள். பாட்டிலில் பாதிக்கு மேல் காலி. உறுப்பினர்களின் முகங்கள் பளபளவென்று இருந்தன. சரக்கு தரமானது என்று ஏகமனதாக முடிவாகிவிட்டதாக மணவாளன் அறிவித்து, ஒரு டம்ளரைப் பாஸ்கல் பக்கம் நகர்த்தினார்.

"சார், ஒரு வாய் போனாலும் உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிச்சி. கட்டாயப்படுத்தினா போலீசுக்குப் போவேன்னும் சொல்லிச்சி" என்றாள் ஞானகுமாரி. "உழுந்தா யோக்கியன், உழாட்டி திருடன். செத்துட்டா இன்னா சார்?"

மணவாளன் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. அவர் நியாயமான மனிதர். பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கலந்து பேசிவிட்டுப் பதில் சொன்னார்.

"அந்த நிலைமையில் குற்றச்சாட்டு முழுவதும் ரத்தாகும். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்."

எல்லோரும் பாஸ்கலைப் பார்த்தார்கள். அவன் டம்ளரைப் பார்த்தான். பிறகு அதை எடுக்காமல், ஒரு விரலால் தள்ளினான். டம்ளர் மேஜையின் நடுவுக்குப் போனது.

"எனக்குக் குடிக்கணும் போலத்தான் கீது சார். அதனாலதான் குடிக்க மாட்டேன். இன்னா பண்ணணுமோ பண்ணிக்குங்க."

இப்படிச் சொல்லிவிட்டு அவன் வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். ஞானகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை நீட்டினாள். உள்ளே, தள்ளிவிட்ட டம்ளர் வீணாகக் கூடாது என்று உத்தமன் அதை எடுத்துக்கொண்டார்.

நிர்வாகத்தின் உத்தரவை மீறியதற்காக அவனை வேலைநீக்கம் செய்வது என்று மணவாளன் அன்றே முடிவெடுத்தார். ராணியம்மாவை அழைத்து அவர் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள். தட்டி முடித்து, வழக்கப்படி உரக்கப் படித்துக் காட்டினாள். மதுவிலக்கு நலத்திட்டத்தின் பயனாளியான பாஸ்கல், நிர்வாகம் அளித்த மதுவை அருந்த மறுத்த குற்றத்துக்காக என்று வந்தது. மணவாளன் நெற்றியைத் தடவினார். 'மது' என்பதை எடுத்துவிட்டுத் 'திரவம்' என்று போடச் சொன்னார். எந்தத் திரவம் என்று லேபர் ஆபீசில் கேட்பார்களே சார் என்றாள் ராணியம்மா. 'சோதனைப் பொருள்' என்று மாற்றினார்கள். அது எங்கே, கொண்டுவா என்பார்களே என்றாள். இருந்த சோதனைப் பொருளின் பெரும்பகுதி அந்த நேரத்தில் உத்தமனோடு டிஸ்பென்சரிக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பல தாள்கள் கசங்கிக் கூடைக்குப் போன பிறகு, உத்தரவை அப்போதைக்கு நிறுத்திவைப்பது என்று முடிவானது.

பாஸ்கல் லேத்துக்குத் திரும்பினான். வைபவம் தானாக நின்றுபோனது. டாக்டரம்மா முதலில் சொன்னபடி வீட்டிலேயே ஞானகுமாரி கையால் காலையில் ஒரு மாத்திரை. அந்த வருஷ அறிக்கையில் மதுவிலக்கு நலத்திட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேர் குணமடைந்தார்கள் என்று அச்சாகியிருந்தது. பொய் இல்லை. சேர்ந்தவன் ஒருவன்தான்.

அறிக்கை வந்த சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்கலும் மனைவியும் பூசை கண்டுவிட்டு மாதா கோயிலிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலில் உத்தமன் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி கலைந்த சட்டை. கை நடுங்குவதை மறைக்க அதைப் பேன்ட் பைக்குள் வைத்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் வெயிலைப் பற்றிப் பேசினார், அம்பத்தூர் ரோட்டைப் பற்றிப் பேசினார். ஞானகுமாரி காபி கொடுத்தாள். டம்ளரை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்தார். பாஸ்கல் பார்க்காத மாதிரி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்க பாஸ்கல்?" என்று கேட்டார் உத்தமன்.

"திங்ககெயம இருப்பாங்க சார்."

கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றார். திட்டத்தில் சேர்க்க மாட்டோம், பயப்படாதீர்கள் என்றான் பாஸ்கல். உத்தமனுக்கு லேசாகச் சிரிப்பு வந்து நின்றது. மாத்திரையை யார் முன்னாலாவது விழுங்க வேண்டுமா என்று கேட்டார். கேட்கும்போது பேனர் கட்டிய ஆளின் குரலாக அது இல்லை.

"ஊட்டம்மா முன்னால போதும் சார்" என்றாள் ஞானகுமாரி. "உங்களுக்குச் சம்மதம்னாதான் தருவாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. மேல இன்னா வாங்கினாலும் டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கணும், இருமல் மருந்துகூட."

"வீட்டில் இதெல்லாம் தெரியாதும்மா."

"தெரியும் சார். அவங்களுக்குத் தெரியும்ன்றதுதான் உங்களுக்குத் தெரியல."

உத்தமன் டம்ளரைக் கீழே வைத்தார். காபி ஆறிப்போயிருந்தது. ஞானகுமாரி அதை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன் என்றான் பாஸ்கல். உத்தமன் தலையசைத்தார்.

திங்கட்கிழமை காலை பாஸ்கல் கம்பெனிக்குப் போய் லீவு சீட்டை நீட்டினான். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதியிருந்தது. வழக்கமாக உத்தமன் என்ன வேலை, யாருக்கு, அவசியம்தானா என்று கேட்டு, சின்னதாக ஓர் உரையும் ஆற்றிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு ஒன்றுமே கேட்காமல் போட்டுக் கொடுத்துவிட்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, அவனோடு ஸ்டேஷனுக்கு நடந்தார்.